முன் சீட் எனக்கு

டிரைவிங் டீச்சருக்குத் தெருவில் வைத்த பெயர் ‘டபுள் பிரேக்’. அவளுடைய பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் தானே வண்டியை அழகாக நிறுத்திவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்குவார்; நிறுத்தியது இவளாக இருக்கும். கட்டிய புருஷனையும் இப்படித்தான் ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்பது தெருவின் அபிப்பிராயம். அவள் அதை மறுத்ததே இல்லை.

புருஷன் சர்வேயர். மற்றவர்களின் வேலிச் சண்டையை அளந்து தீர்க்கிற உத்தியோகம். சனிக்கிழமை விடிந்தால் சைக்கிளோடு கடலோரச் சாலையில் காணாமல் போய்விடுவார்; பசியோடும் பெருமையோடும் திரும்பி வருவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் லாரியில் போய் மோதினார். லாரி வந்து மோதியிருந்தால் அதன் மேல் பழி போடலாம். அது பாட்டுக்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தது. சர்வேயர் அப்படியும் விடவில்லை.

“அங்க எவன் நிறுத்தச் சொன்னான்?” என்றார், முழங்காலில் கட்டோடு.

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னாள். பார்வையின் ஓரங்கள் போய்விட்டன. நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம். மருந்து போட்டால் அது மெதுவாகச் சுருங்கும், போடாவிட்டால் வேகமாகச் சுருங்கும். தனியாக சைக்கிள் ஓட்டுவது இனி ஆகாது.

வெளியே வந்த சர்வேயர், “டாக்டர் நல்ல பொண்ணு” என்று மட்டும் சொன்னார். அதோடு கண் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. டீச்சர் ஒரு தடவை சாப்பாட்டு மேஜையில் அதை எடுத்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகு சனிக்கிழமைகளில் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஓடுகிற மனுஷனுக்கு பிரேக் போடத் தெரியும். நின்றுபோன மனுஷனை என்ன செய்வது?

யோசித்து யோசித்து அவள் கண்டுபிடித்த வழி, இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள். சொன்னதும் அவர் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஆயிற்று.

“டைட்டானியத்துல கட்டிடலாம். உப்புக் காத்து என் ரெண்டு சைக்கிளைத் தின்னுடுச்சு. இது துருவே பிடிக்காது. நம்ம அளவுக்குன்னே ஃபிரேம் கட்டுறவங்க இருக்காங்க, நல்ல ஆளாப் பார்த்துப் பிடிக்கணும்” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “முன் சீட் எனக்கு” என்றார்.

முன் சீட் என்றால் ஹேண்டில்பார். எந்த மாணவனுக்கும் முதல் நாளே ஸ்டியரிங் வேண்டும். இவருக்கும் அதே வியாதி என்று டீச்சர் முடிவு கட்டினாள். ‘உங்களுக்குத்தான் கண்...’ என்று ஆரம்பித்தால் தட்டு மறுபடி நகரும். ஆகவே தன் வழக்கப்படி, காலுக்கடியில் இருக்கிற பிரேக்கை மிதிக்கத் தீர்மானித்தாள். எந்தப் பட்டறைக்குப் போவதானாலும் முதல் நாளே ரகசியமாகப் போன் போட்டு, “அவருக்குப் பக்கவாட்டுல தெரியாதுங்க. எதையாவது சொல்லிப் பின் சீட்ல உட்கார வெச்சிடுங்க. கண்ணுன்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க” என்று சொல்லி வைத்தாள்.

முதல் ஆள் தாடிக்காரர். அவருடைய பட்டறை, பட்டறை மாதிரியே இல்லை. கண்ணாடியும் மரமுமாக, நகைக்கடை தோற்றுவிடும். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத்தை ஒப்பித்தார்.

“கனமானவங்க எப்பவும் பின்னாடி உட்காரணும் சார். அப்பத்தான் பேலன்ஸ்.”

சர்வேயர் மெதுவாகத் திரும்பி, மனைவியை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை அளந்தார். அளப்பது அவர் தொழில்.

“அப்போ நீதானே பின்னாடி?”

தாடிக்காரர் காப்பிக் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். டீச்சருக்கு அந்தக் கோப்பையை அப்படியே அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது. சொல்வதற்கு உலகத்தில் வேறு பொய்யே கிடைக்கவில்லையா?

சர்வேயர் அதோடு விடவில்லை. அங்கே நின்ற ஒரு ஃபிரேமுக்குப் பக்கத்தில் மூக்கு உரசும்படி குனிந்தார்.

“வெல்டிங்ல நீலம் ஓடியிருக்கு. சூடா இருக்கும்போது காத்துப் பட்டிருக்கு. டைட்டானியத்தை ஆர்கான் வாயு போட்டு மூடித்தான் பத்த வைக்கணும், இல்லேன்னா ஒருநாள் படக்குன்னு உடைஞ்சிடும். எனக்கு வேண்டாம்.”

உண்மையில் அந்த நீலம், பக்கத்தில் நின்ற தாடிக்காரரின் நீலச் சட்டை உலோகத்தில் பிரதிபலித்ததுதான். சர்வேயருக்கும் அது தெரிந்திருக்கும் என்றுதான் டீச்சருக்குத் தோன்றியது.

இரண்டாவது பட்டறையை மாமாவும் மருமகனும் சேர்ந்து நடத்தினார்கள். போனை எடுத்தது மாமா. விஷயம் மருமகன் காதுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கேதான் வந்தது வினை.

“உயரமானவங்க முன்னாடி உட்கார்ந்தா, பின்னாடி இருக்கவங்களுக்கு ரோடே தெரியாது சார்” என்றார் மாமா.

சர்வேயர் தாடையைத் தடவிக்கொண்டார். ஒத்துக்கொள்ளப் போகிறாரா என்று டீச்சர் ஆவலோடு பார்த்தாள். அதற்குள் அரத்தால் குழாயை ராவிக்கொண்டிருந்த மருமகன் தலையை நீட்டினான்.

“என்ன மாமா சொல்றீங்க? எப்பவும் உயரமானவங்களைத்தானே முன்னாடி வைப்போம்? நேத்துக்கூட அப்படித்தானே...”

மாமா அவன் காலை மிதித்தார். அவன் “ஆ” என்றான். சர்வேயர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“மாமனும் மருமகனுமே ஒட்டலை. இவங்க குழாயை எங்க ஒட்டப் போறாங்க? வா, போகலாம்.”

வீட்டுக்கு வந்த டீச்சருக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஊரில் இனி ஒரே ஒரு பட்டறைதான் பாக்கி. அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஜன்னல் நாற்காலிதான் அவருக்கு நிரந்தரம். போனில் அவள் கெஞ்சாத குறை.

எதிர்முனையில் பேசியவள் ஒரு வெல்டிங்காரி. எப்போதும் வெள்ளைக் கையுறையோடு இருப்பாள். விரலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு பட்டால்கூட டைட்டானிய வெல்டிங் கெட்டுவிடும் என்பது அவள் கட்சி.

“பொய் சொல்ல எனக்கு வராதுங்க. ஆனா ஒரு சந்தேகம். அவர் முன் சீட் கேட்டாரு, சரி. முன் சீட்ல இருக்கவங்கதான் வண்டியைத் திருப்பணும்னு யார் சொன்னா?”

டீச்சருக்குப் புரியவில்லை. வெல்டிங்காரி பொறுமையாக விளக்கினாள். முன் சீட்டைத் தாழ்வாக, பின் சீட்டை உயரமாக வைக்கலாம். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலாகச் சாலை தெரியும். பின் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கம்பியை முன் சக்கரம் வரை கொண்டுபோய் இணைத்துவிட்டால் வண்டியைத் திருப்புவது பின்னால் இருப்பவர்தான். பிரேக்கும் பின்னால்தான்.

“முன்னாடியும் ஒரு ஹேண்டில் வெச்சுடுறேன். அதுவும் கூடவே திரும்பும். பின்னாடி இருக்கிறது அகலம், முன்னாடி இருக்கிறது குட்டை. இழுபறின்னு வந்தா நீங்கதான் ஜெயிப்பீங்க.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இது அச்சு அசலாக அவளுடைய பயிற்சிக் கார் அல்லவா! “அம்மா, நீங்க நல்லா இருப்பீங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“நானா சொல்ல மாட்டேன். அவரா கேட்டா மறைக்கவும் மாட்டேன்.”

மறுநாள் அந்தப் பட்டறைக்குப் போனார்கள். சின்ன அறை, ஒரே ஒரு விளக்கு, துடைத்து வைத்த மேஜை. சர்வேயர் உள்ளே நுழைந்ததுமே ஒரு குழாயை எடுக்கப் போனார்.

“கையை எடுங்க” என்றாள் வெல்டிங்காரி. “அது இன்னும் பத்த வைக்காதது. தொட்டுப் பார்க்கணும்னா கட்டி முடிச்சது அங்க இருக்கு.”

சர்வேயரை இந்த மாதிரி அதட்டி ஒருத்தரும் பேசியதில்லை. அவருக்கு அது பிடித்துப்போயிற்று. மூலையில் வேறு யாருக்கோ கட்டிய, அதே மாதிரியான இரட்டை ஃபிரேம் ஒன்று நின்றது. முன்னாலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே போனார். விரல் அடிப்பக்கம் இறங்கி, ஒரு மெல்லிய கம்பியைப் பிடித்து, அதன் வழியாகவே பின்னால் வரை போய் நின்றது. டீச்சர் வெல்டிங்காரியைப் பார்த்தாள். வெல்டிங்காரி கையுறையைக் கழற்றி, உதறி, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

சர்வேயர் நிமிர்ந்தார். “முன் சீட் எனக்குத்தானே?”

“உங்களுக்குத்தான்.”

“வெல்டிங் நல்லா இருக்கு. இங்கயே கட்டிடலாம்.”

முன் சீட் கிடைக்காத வரைக்கும் வெல்டிங் கோணல், கிடைத்ததும் வெல்டிங் நேர். டீச்சர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். வெல்டிங்காரி இருவரையும் நிற்கவைத்து, உட்காரவைத்து, தோளிலிருந்து பாதம் வரை அளந்தாள். தன்னையே ஒருத்தி அளக்கிறாளே என்று சர்வேயர் குழந்தை மாதிரி குஷியாக நின்றார்.

சைக்கிள் தயாராகி வந்தது. பெயின்ட் இல்லை, பகட்டு இல்லை; மழைநாள் வானத்தின் நிறம். அந்தச் சனிக்கிழமையே இருவரும் கடலோரச் சாலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். டீச்சர் உயரமான பின் சீட்டில் ஏறி, ஹேண்டிலைக் குரங்குப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். முதல் வளைவில் அவர் தன் இஷ்டத்துக்குத் திருப்பப் பார்ப்பார், இவள் தன் பக்கம் இழுக்க வேண்டியிருக்கும். அதற்காக மூன்று நாளாகத் தோள்பட்டைக்குப் பயிற்சி வேறு.

வளைவு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். வண்டி வெண்ணெய் மாதிரி திரும்பியது. அந்தப் பக்கம் ஓர் எதிர்ப்பும் இல்லை. எட்டிப் பார்த்தாள். சர்வேயர் இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவர் மாதிரி சாவகாசமாக மிதித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ஹேண்டிலைப் பிடிங்க!”

“எதுக்கு? அது உன் டிபார்ட்மென்ட்.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்குத் தெரியுமா?”

“அந்தக் கம்பியை அன்னைக்கே தடவிப் பார்த்தேனே. அது எங்க போய் முடியுதுன்னு தெரியாமலா இத்தனை வருஷம் நிலம் அளந்தேன்? அதுக்கப்புறம்தானே வெல்டிங் நல்லா இருக்குன்னேன்.”

“அப்போ எதுக்கு இந்த அடம்? பட்டறை பட்டறையா ஏறி இறங்க வெச்சீங்களே! ஓட்டுறதுக்கு இல்லேன்னா முன் சீட் எதுக்கு உங்களுக்கு?”

அவர் மிதித்துக்கொண்டே போனார். எதிரே ஒருவர் நாயோடு நடந்து போனார். டீச்சர் ஒதுங்கி ஓட்டினாள்.

“டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு” என்றார். “என் கண்ணு போகுது.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் இப்போதுதான் கேட்கிறாள்.

“இன்னும் ஒரு வட்டம் பாக்கி இருக்கு. பின்னாடி உட்கார்ந்தா அந்த வட்டம் பூரா உன் முதுகுதான் இருக்கும். உன் முதுகை நான் போதும் போதும்ங்கிற அளவுக்குப் பார்த்தாச்சு. கடலை இன்னும் பார்க்கணும். ரோட்டைப் பார்க்கணும். அது இருக்கும்போதே பார்த்து வெச்சுக்கணும்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா கண்ணைப் பத்திச் சொல்லணுமே. அப்போ முடியலை.”

உலகத்தில் எல்லோரும் ஸ்டியரிங்குக்குத்தான் சண்டை போடுவார்கள் என்று எப்படி நினைத்தோம் என்று டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அழுகை அதிகமாக வந்தது. அவள் அழுதாள், சத்தம் போடாமல், அவருடைய தொப்பிக்கு மேலாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே. எத்தனையோ பேருக்கு நேர்கோட்டில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளின் வண்டி இடமும் வலமுமாக ஆடியது.

“டீச்சர்” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். “ஆட்டாம ஓட்டு. பார்த்துக்கிட்டு இருக்கேன்ல.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேராக ஓட்டினாள்.