ஆறாவது பறப்பு

அபோண்டி தன்னைச் சூதாடி என்று ஒருபோதும் நினைத்ததில்லை. சூதாடிகள் எப்படி இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கென்யாவின் கிசுமு நகரச் சந்தை வாசலில் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டு, சவாரி கேட்டு நிற்கும் ஆளைக்கூடப் பார்க்காமல் போனுக்குள் முகத்தைப் புதைத்திருப்பார்கள். திரையில் குட்டி விமானம் ஒன்று மேலேறும். கூடவே ஓர் எண்ணும் ஏறும். விமானம் மறைவதற்குள் பொத்தானை அழுத்தினால் போட்ட பணம் அத்தனை மடங்காகத் திரும்பும். பிந்தினால் எல்லாம் போச்சு. அவர்கள் பிந்துவார்கள், திட்டுவார்கள், மறுபடி போடுவார்கள்.

அபோண்டிக்குச் சட்டம் இருந்தது. ஒரு நாளைக்கு நூறு ஷில்லிங். இருபது இருபதாக ஐந்து பறப்பு. ஒன்றரை மடங்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதன்பின் விமானம் எந்த வானத்துக்குப் போனாலும் அவளுக்கு அக்கறையில்லை. ஜெயித்ததைவிட நிறுத்த முடிந்ததுதான் அவளுக்குப் பெருமை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது என்பது ஒன்றே குறை. அவள் தலை பின்னும் தகரக் கடையில் பக்கத்து நாற்காலியில் அதே வேலை செய்யும் நெகேசாவுக்கு மட்டும் தெரியும்.

அன்று மதியம் நான்கு பறப்பு முடிந்திருந்தபோது லாவெண்டர் அம்மா வந்துவிட்டார். சர்ச் பெண்களின் சேமிப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவி. சவுரிக் கட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தலைய மட்டும் குடுக்க வரல அபோண்டி. பெட்டிச் சாவி ஒண்ணு உங்கிட்ட வரப்போவுது."

குழுவின் இரும்புப் பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பெண்களிடம் இருக்கும். மூவரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் பெட்டி திறக்கும். சாவிக்காரி என்றால் சர்ச்சில் முன்வரிசையில் இடம் விடுவார்கள். சியாயா ஊரிலிருந்து பிழைக்க வந்த அபோண்டி இத்தனை வருடம் கழித்தும் இங்கே 'அந்த சியாயாக்காரி'தான்.

"எனக்கா?"

"வேற யாருக்கு? எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச கை உன்னோடதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை எழுந்து உம் பேரச் சொல்லப்போறேன்."

"ஆமா ஆமா, இவ நிறுத்துற அழகே தனி," என்றாள் நெகேசா, வாயில் சீப்பைக் கவ்வியபடி.

அபோண்டி அவளை முறைத்தாள். பிறகு போனில் பின்னல் படம் ஒன்றைத் திறந்து லாவெண்டர் அம்மாவின் மடியில் வைத்தாள். பின்னுகிறவளுக்கு இரண்டு கையும் ஜெல்லும் முடியுமாக இருக்கும். படத்தைத் தலை கொடுப்பவர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

பாதித் தலை முடிந்தது. படத்தைப் பெரிதாக்கப் போன லாவெண்டர் அம்மாவின் விரல் எங்கோ பட்டது. படம் போய் விமானம் வந்தது.

"அட, இதென்ன குட்டி பிளேன்?"

"எம் பையன் ஃபிடலோட விளையாட்டு. விடுங்க."

"இவதான் பைலட்டு," என்றாள் நெகேசா.

"எம் பேரனுக்கும் காட்டணுமே. இதத்தான் அமுக்கணுமா?" லாவெண்டர் அம்மா பெரிய பொத்தானை அழுத்திவிட்டார்.

பரவாயில்லை, ஐந்தாவதுதானே என்று அபோண்டி நினைத்தாள். விமானம் எழுந்தது. ஒன்றரை வந்தது. போனது. இரண்டு. லாவெண்டர் அம்மா குழந்தைபோல் சிரித்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று. தன் காசோடு அபோண்டி இவ்வளவு உயரம் போனதே இல்லை. நான்கு. அவள் விரல்கள் முடியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றன.

"எத்தன தூரம்டி போகும் இது? நிறுத்தவா?"

"தொடாதீங்க! போகட்டும், இன்னும் போகட்டும்!"

விமானம் மறைந்தது.

"ஐயோ! மறுபடி அமுக்குங்க, சீக்கிரம். அதே பொத்தான். அமுக்குங்கன்றேன்ல!"

லாவெண்டர் அம்மா பயந்து அழுத்தினார். ஆறாவது விமானம் எழுந்த கையோடு மறைந்தது.

நெகேசா சீப்பை வாயிலிருந்து எடுத்தாள். அபோண்டிக்குத் தன் குரல் இன்னும் தகரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அது வாசலில் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்திருப்பவர்களின் குரல்.

லாவெண்டர் அம்மா போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "இங்க ஷில்லிங்னு போட்டிருக்கே. நெசப் பணமா?"

"ஆமா."

"பையனோடதா?"

"என்னோடது." முகம் எரிந்தது. "எனக்கு ஒரு அளவு இருக்கு லாவெண்டர் அம்மா. நூறுதான். அதுக்கு மேல ஒருநாளும்..."

சொல்லி முடிக்க முடியவில்லை. அந்த அளவைத் தாண்டி இப்போதுதான் இருபது போயிருந்தது. 'நான் அழுத்தவில்லை, அது என் கணக்கில் வராது' என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று அதற்குள்ளாகவே வாதாடத் தொடங்கியிருந்தது. பேராசையோடு கத்தியதைவிட அந்த வாதம்தான் அவளைக் கூசவைத்தது.

பாதித் தலையோடு எழுந்து போக முடியாது. லாவெண்டர் அம்மா உட்கார்ந்திருந்தார், அபோண்டி பின்னினாள். ஒரு வரி, அடுத்த வரி. வெளியே சப்பாத்திக்காரி கூவிப் போனாள். ஒருவரும் கூப்பிடவில்லை.

கடைசி வரிக்கு வந்தபோது லாவெண்டர் அம்மா பேசினார். "இத எங்கண்ணு முன்னாடி அழிச்சுடு. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். ஞாயித்துக்கிழமை உம் பேரத்தான் சொல்லுவேன்."

அபோண்டி அடுத்த சவுரிக் கட்டைப் பிரித்தாள்.

"அளவாத்தானே ஆடுற? அப்ப விடறது கஷ்டமில்லையே."

"அழிச்சுத் தொலையேன்டி," என்றாள் நெகேசா. இம்முறை கேலி இல்லை.

அபோண்டி துணியில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, நகக்கண்வரை துடைத்தாள். போனை எடுத்தாள். அழிக்கவா என்று அது கேட்டது. நாளை மதியம் நினைவுக்கு வந்தது. டீ ஆறிக்கொண்டிருக்கும். கடையில் ஆளிருக்காது. அந்த ஐந்து பறப்புக்காகத்தான் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பாள். இன்று அழித்தாலும் நாளை மறுபடி இறக்கிக்கொள்வாள், கழுத்தில் சாவி தொங்கும்போதே. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"வேற யாரையாவது போடுங்க," என்றாள்.

லாவெண்டர் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வரிக்காகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். நெற்றியோரத்து முடி மெல்லியது, இழுத்தால் சுரீரென்று வலிக்கும். அபோண்டி மிக மெதுவாகப் பின்னினாள்.