நான் வாசிக்காமல் விட்ட பதினோரு பக்கங்கள்

என் அண்ணன் மனைவி சுமி இறந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. பள்ளியில் அவள் உட்கார்ந்த நாற்காலியில்தான் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு முன்னால் மூன்று வருடம் அதில் இருந்தவளும் நான்தான்.

மேல்நிலை வகுப்புக்குத் தமிழாசிரியை, தினக்கூலிக்கு. செட் என்ற மாநிலத் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு உரிய இடம் அது. எங்கள் பக்கத்தில் தமிழில் தேறிய யாரும் நேர்காணலுக்கு வராததால் ஒவ்வொரு ஜூனிலும் என்னையே கூப்பிட்டார்கள். தேறிய ஒருத்தி வந்து நின்றால் நான் எழுந்துவிட வேண்டும். இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தேன். மூன்றாம் முறைக்கு விண்ணப்பித்தபோதுதான் சுமி கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் செங்கல் ஊருக்கு மருமகளாக வந்தாள்.

அவள் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மேல்புறத்துக்காரி. தமிழில் எம்.ஏ., பி.எட். என்னைவிட ஒரு வயது மூத்தவள்.

"நானும் எழுதட்டா ஷீனா?" என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் அபிலாஷ், "எழுது பின்ன. ரெண்டுபேருமா சேந்து படியுங்க" என்றான்.

நான் இரண்டு முறை படித்தபோது அண்ணன் எனக்கு ஒரு பேனாகூட வாங்கித் தந்ததில்லை. இப்போது ரப்பர் பால் வெட்டிவிட்டு மதியம் வீடு வந்ததும் மரச்சீனிக் கிழங்கை அவனே உரித்தான், பாத்திரம் கழுவினான். சுமிக்குப் படிக்க நேரம் வேண்டுமாம். அம்மா மதிலருகே நின்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "மருமவளுக்கு ஒருக்கா கேட்டா போரும். நம்ம பிள்ளைக்கு நாலு தடவ வாசிக்கணும்."

தமிழ்த் தாள் சுமிக்குப் பிரச்சினையே இல்லை. பொது அறிவும் கற்பித்தல் முறையும் வரும் முதல் தாள்தான் சிக்கல். கேள்வித்தாளின் ஆங்கிலத்தை அவள் சமாளித்துவிடுவாள். ஆனால் எங்களிடம் இருந்த வழிகாட்டிப் புத்தகம் மலையாளத்தில் இருந்தது. கேட்டால் பாதி புரியும், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது அவளுக்கு. ஆகவே நான் வாசிப்பேன். அவள் அந்த மலையாளத்தைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள்.

"இது என்ன பாஷை மைனி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உனக்கும் எனக்கும் மட்டும் மனசிலாவுத பாஷையாக்கும்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் புத்தகத்தின் மாதிரிக் கேள்விகளை எடுத்துவைத்து எங்கள் இருவரையும் சோதித்தான். ஐந்தில் நான்குக்கு, நான் யோசிக்கத் தொடங்கும் முன்பே சுமி பதில் சொன்னாள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "எட்டி, உங்க ரெண்டுபேர்ல ஆரு டீச்சர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். நானும் சிரித்தேன்.

மறுநாள் கேரள மறுமலர்ச்சிப் பாடம் வந்தது. அதில் கேள்வி வராமல் இருந்ததே இல்லை. பதினோரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துப் புரட்டினேன்.

"அடுத்தது என்ன?"

"வகுப்பறைத் தேர்வுகள். எழுதுங்க மைனி."

அவள் ஒரு தடவை புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

அந்தப் பாடத்தை நான் தனியாகப் படித்தேன். தேர்வில் அதிலிருந்து ஆறு கேள்வி வந்தது. முடிவு வந்தபோது சுமி தேறியிருந்தாள். நான் இரண்டு மதிப்பெண்ணில் தோற்றிருந்தேன்.

ஜூன் நேர்காணலுக்கு இருவரும் ஒரே பேருந்தில் போனோம். என்னிடம் பள்ளி அலமாரிச் சாவியை மட்டும் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் சுமி தன் நோட்டை என் மேசையில் வைத்தாள். "அடுத்த தடவைக்கு இது போரும். நீ விட்ட பாகமும் உண்டு."

"எந்தப் பாகம்?"

"நூத்தி நாப்பத்திரெண்டு கழிஞ்சு நூத்தி அம்பத்துநாலு வந்துதே, அது. எழுத்துதான் தெரியாது மக்கா. நம்பர் தெரியும்."

குரலில் கோபம் இல்லை. அண்ணனிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்கும் அவள் இடம் தரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. நோட்டை அரிசிப் பாத்திரத்துக்கு மேல் போட்டேன்.

ஆகஸ்டில் மழை விடவே இல்லை. சுமிக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று மருத்துவமனையில் கண்டுபிடித்தபோது மூன்றாம் நாள். நான்காம் நாள் போய்விட்டாள். அழுதவர்களில் நானும் உண்டு. அந்த நாற்காலி காலியாகிவிட்டது என்று நினைத்தவளும் நான்தான்.

டிசம்பரில்தான் நோட்டை எடுத்தேன். மறுமலர்ச்சிப் பாடத்துக்கு மேல் சுமி வைத்திருந்த தலைப்பு: 'ஷீனா விட்டது'. தேர்வுக்கு முன்னால் அவள் நெய்யாற்றின்கரையில் டியூஷன் எடுக்கப் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் குறிப்பு இருந்தது. 'உதியன்குளங்கரையில் ஏறிய நர்ஸ்.' 'அமரவிளை வரை, மீன்கூடை அம்மா, கண்ணாடி இல்லாமல்.' 'காலேஜ் பெண், வேகமாக வாசிக்கிறாள்.' யாரோ பதினோரு பேர் அவளுக்கு வாசித்துக் கொடுத்திருந்தார்கள்.

அந்த நோட்டை வைத்துத்தான் நான் தேறினேன். இந்த ஜூனில் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் வாரத்திலேயே ஒரு மாணவி, "சுமி டீச்சர் செய்யுளெல்லாம் பாடிக் காட்டுவாங்க டீச்சர்" என்றாள். எனக்குப் பாட வராது. செத்தவள்மேல் பொறாமைப்படக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் அன்று அந்தப் பெண்ணை ஒரு காரணமும் இல்லாமல் அதட்டினேன்.

போன மாதம் அண்ணன் வந்து என் அறை வாசலில் நின்றான். "சுமிக்க நோட்டு உனக்க கையிலதானே உண்டு? அவ எழுத்த ஒண்ணு பாக்கணும்."

"எனக்கு வேணும் அண்ணா. ஜெராக்ஸ் எடுத்துத் தாறேன்."

"அது போரும்."

பாறசாலையில் ஜெயதாஸின் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். தலைப்பு இருந்த பக்கத்திலிருந்து பாடம் முடியும் பக்கம்வரை விரலால் பிடித்துக் காட்டினேன். "இவ்வளவும் வேண்டாம். மிச்சத்த எடுங்க."

அவர் புரட்டிப் பார்த்தார். "நடுவில விட்டா தெரியுமே டீச்சரே. எல்லாத்திலயும் நம்பர் கெடக்குல்லா."

எத்தனை மாதம் அந்த நோட்டோடு இருந்தேன், கவனித்ததில்லை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் சுமி எண் போட்டிருந்தாள்.

முழுவதும் எடுக்கச் சொன்னேன். நகலை அண்ணனிடம் கொடுத்தேன். அசல் என்னிடம்தான் இருக்கிறது.

தினமும் ரப்பர் வெட்டு முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, அவன் அதை விரித்துக்கொள்கிறான். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிக்கிறான். எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறான் என்று நான் கேட்பதில்லை.