காலிக் கேனில் நிறைத்த தண்ணீர்

புவனேஸ்வரிக்கு மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. அன்னவாசல் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் அவள் செய்த கரித்தூள் ஒரே ஒரு முறை அபாரமாக வந்தது. பிறகு செய்ததெல்லாம் சொதப்பல். நுண்துளைகள் நிறைந்த சிலிக்காவை அச்சாக வைத்து, அதற்குள் சர்க்கரைக் கரைசலை ஏற்றி, உலையில் கரியாக்கி, கடைசியில் காரம் ஊற்றிச் சிலிக்காவைக் கரைத்துவிட வேண்டும். சிலிக்கா இருந்த இடமெல்லாம் துளையாகிக் கரி மட்டும் மிஞ்சும். கரி மிஞ்சத்தான் செய்தது, துளையைத்தான் காணோம்.

ஆய்வு வழிகாட்டி ஆத்மநாதன் சார் திட்டுகிற ஆள் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மறுபடி செய்தால் வராத முடிவை வைத்துக் கட்டுரை போட முடியாது, இந்த வாரமும் வராவிட்டால் பத்திரிகைக்கு எழுதி, அனுப்பிய கட்டுரையை வாபஸ் வாங்கிவிடுவேன் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? துளைகளை அளந்து முதலில் வந்த எண்ணே இவள் கட்டிவிட்ட கதை என்றுதான் நாலு பேர் பேசுவார்கள்.

சர்க்கரையை மாற்றினாள், உலையை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை மதியம், கரியை அலசுவதற்காகப் பெரிய தண்ணீர்க் கேனைச் சாய்த்தபோது அதில் காய்ந்துபோயிருந்த சந்தனப் பொட்டு கண்ணில் பட்டது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு.

அட கடவுளே! சாமி முன்னால் காலிப் பாத்திரம் இருக்கக் கூடாதென்று, காய்ச்சி வடித்த நீர் தீர்ந்து கிடந்த கேனில் போர் தண்ணீரைப் பிடித்து நிறைத்தது வேறு யாருமில்லை, இவளேதான். பூஜை முடிந்த கையோடு அதைச் சுத்தமாக மறந்தும் போனாள். அந்தப் பக்கத்துப் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரமெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அபாரமாக வந்த தூள் பூஜைக்கு முந்தியது; பூஜைக்குப் பிறகு செய்த கரியையெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் அலசியிருக்கிறாள்.

அப்படியானால் துளை இல்லாமல் இல்லை, அடைத்துக்கொண்டிருக்கிறது! பழைய தூளில் நீர்த்த அமிலத்தை ஊற்றினாள். பொசபொசவென்று சுண்ணாம்பு கரைந்து நுரை பொங்கியது. இதைவிட நல்ல காட்சியை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. புதிய வடிநீரில் அலசி, உலர்த்தி, துளைகளை அளக்கிற கருவியில் போட்டாள்.

மறுநாள் சார் திரையைப் பார்த்தார். முதல் முறை வந்த எண்ணை ஒட்டியே இதுவும் வந்திருந்தது. கேன் கதையை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, திட்டு விழட்டும் என்று நின்றாள்.

"போர் தண்ணிய ஊத்துனது தப்புதாம்மா," என்றார் சார். "ஆனா நான் ஒன்னையச் சந்தேகப்பட்டேன் பாரு, அது அதவிடப் பெரிய தப்பு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"நானே என்னையச் சந்தேகப்பட்டுட்டேன் சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே சீராக வந்தது.