இரண்டு வாய் தாண்டிய கவிதை

பிரெஞ்சிலிருந்து நேராக இக்போவுக்கு மொழிபெயர்க்க ஓர் ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தாள் உஜுன்வா. இக்போ பேசும் எனுகு நகரத்தில் சின்னக் கலைக்கூடம் நடத்துகிறவள். பிரெஞ்சு ஆசிரியர்கள் கிடைக்காமலில்லை. ஆனால் அவர்கள் வாயிலிருந்து வந்த இக்போ பாதி ஆங்கிலமாக இருந்தது.

அவள் கலைக்கூடத்தில் இடம் கேட்டது பிரெஞ்சு பேசும் கோட்டனூ நகரத்துச் சிற்பி டோசூ. செத்துப்போன மனைவி ன்வகாவின் முகத்தை மரத்தில் செதுக்கி, நீண்ட கவிதையும் எழுதியிருந்தான். இரண்டையும் அங்கே வைக்க ன்வகாவின் அப்பாவுடைய சம்மதம் வேண்டும். அந்த அப்பா, பெரியவர் மாஸி ஒக்வுடிலி, ஊடி ஊரிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்: “என் மகளைப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு என் பாஷையில கேட்டுட்டுத்தான் சொல்லுவேன். விருந்தாளிக்கு உடைக்கிற கோலாக் கொட்டைக்கு இங்கிலீஷ் புரியாது. எனக்கும் அப்படித்தான்.”

கடைசியில் இஃபெடியோரா அகப்பட்டார். கோட்டனூவில் வண்டி உதிரிபாகம் விற்றே தலை நரைத்த இக்போக்காரர். கவிதையில் ஒரு பக்கம் படித்துவிட்டு அப்படியே இக்போவில் சொன்னார். உஜுன்வா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“அருமையா வருதே அண்ணே.”

“கோட்டனூக்காரனுங்ககிட்ட பேரம் பேசியே வளந்த நாக்கு. வராம எங்க போகும்?”

“சனிக்கிழமை ஊடிக்கு வாங்க. பொண்ணோட அப்பா முன்னால சொல்லணும்.”

அவர் தாளை மடித்தார். “இவங்க கல்யாணத்துல நடுவுல நின்னு பேசுனது யாரு?”

“யாருமில்ல. கோட்டனூவுலயே அவங்களா பண்ணிக்கிட்டாங்க.”

“அப்போ என்னை அந்த ஆளாக்கப் பாக்குற. கெட்டிக்காரிதான்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. கல்யாணத்தில் இரு வீட்டுக்கும் நடுவே ஒருவர் பேச்சைச் சுமப்பார். பின்னால் சண்டை வந்தாலும் சாவு வந்தாலும் பெண்வீட்டார் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், முதலில் பேச்சைச் சுமந்து வருகிறவனே அந்த ஆள். ன்வகா என்ன பாடுபட்டுச் செத்தாள் என்பதெல்லாம் கவிதையில் இருந்தது.

“வெறும் மொழிபெயர்ப்புதானே அண்ணே.”

“உனக்கு. மாஸிக்கு? எனக்கும் பொண்ணுங்க இருக்கு தங்கச்சி, அப்பன் மனசு தெரியும்.” தாளை அவள் கையில் திணித்துவிட்டு எழுந்துபோனார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. டோசூ பிரெஞ்சில் வாசிக்க, ஓர் ஆசிரியர் அதை ஆங்கிலமாக்க, அதை உஜுன்வா இக்போவாக்க வேண்டும். குடத்திலிருந்து குடத்துக்கு ஊற்றுகிற வேலை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிந்தும். சிந்தினாலும் பரவாயில்லை என்று நினைத்தாள்.

சனிக்கிழமை மாஸியின் வீட்டுக் கூடத்தில், வந்தவர்களை ஏற்றுக்கொண்டால் உடைக்கிற கோலாக் கொட்டை தட்டில் இருந்தது. சிலை துணி மூடி நின்றது. டோசூ வாசித்து, ஆசிரியர் வழியாக வந்த முதல் வரியை உஜுன்வா சொன்னதுமே மாஸி கையை உயர்த்தினார்.

“இது யாரோட பேச்சு மகளே? அவனோடதா, இந்த வாத்தியாரோடதா, உன்னோடதா? நாளைக்கு யார் வாசல்ல போய் நிப்பேன்?”

உஜுன்வா வாயைத் திறந்தாள். ‘என் வாசலில்’ என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை.

மாஸி கொட்டையை உடைக்காமலே தட்டை உள்ளே அனுப்பினார். “சிலையை எடுத்துட்டுப் போகச் சொல்லு அவனை.”

அவர் சொன்னதும் அதே வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். அதற்குள் டோசூ, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். புரியாத அந்தப் பாஷைக்குள் ‘ன்வகா’ என்று வரும்போதெல்லாம் கிழவர் தலை நிமிர்ந்தது, பிறகு தாழ்ந்தது. அவன் நிறுத்தும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை.

பிறகு மாஸி சொன்னதை உஜுன்வா ஆங்கிலத்தில் சொன்னாள். ஆசிரியர் பிரெஞ்சில் சொன்னார். அன்று ஒரு சொட்டும் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.