அலமாரியில் அருணாக்கொடி

...இன்றைக்கும் கழற்றி வைத்திருக்கிறார், வெள்ளி அருணாக்கொடி, மோதிரம், செல்போன், மூன்றும் டிவிக்குப் பக்கத்து அலமாரியில், நேற்று போலவே, முந்தாநாள் போலவே... அழகுமீனா மூன்றையும் மறுபடி எண்ணிப் பார்த்தாள். காலை மணி ஐந்தரை. அப்பா கோட்டைச்சாமி குளிக்கும்போதுகூட அருணாக்கொடியைக் கழற்றாத மனிதர், இருபத்தெட்டு வருஷமாக அதைக் கழற்றி வைப்பது ஒரே ஒரு இடத்துக்குப் போகத்தான், நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்கு. இரும்போ வெள்ளியோ உரசி ஒரு பொறி வந்தால் போதும், ஆள் மிஞ்சாது. ஆனால் கம்பெனியைத்தான் ஊரடங்கில் பூட்டி மூன்று வாரமாகிறதே, அப்புறம் எந்த மருந்துக்கு, யார் கொடுத்த ஆர்டருக்கு, அதுவும் வீட்டு மொட்டை மாடியில்?

மேலே சரக் சரக்கென்று சத்தம். சலிக்கிற சத்தம், அவளுக்குத் தெரியாதா என்ன, தீபாவளி சீசனில் அப்பா தூக்கத்திலேயே கையை அப்படி ஆட்டுவார்... போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குள் திருட்டுத்தனமாக வெடி சுற்றி மூன்று பேர் போனார்களே, பேப்பர் படத்தில் ஒரு குக்கர் மட்டும் முழுசாக இருந்தது... இல்லை, அப்பா அப்படிப்பட்ட ஆளில்லை. இல்லையா? யோசித்தால் எல்லாமே சந்தேகமாகத்தான் இருக்கிறது. மதுரையில் வேலை பார்த்த ஜவுளிக்கடை கொரோனாவில் மூடியதும் வீட்டுக்கு வந்தவள், அப்பாவும் அம்மாவும் மனசு உடைந்துவிடக் கூடாதென்று அவள்தானே சட்டம் போட்டாள், சாவுக் கணக்குச் செய்தி கூடாது, கேபிள் ஒயரைப் பிடுங்கிவிட்டு லைன் வரலை என்று புளுகினாள், அப்பா போனில் வாட்ஸப்பை அழித்தாள், காலையில் கபசுரக் குடிநீர், சாயங்காலம் வீடியோ பார்த்து மூச்சுப் பயிற்சி. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையே? கசாயம் என்றாலே டம்ளரை விட்டெறிகிற அப்பா மடக்மடக்கென்று குடித்துவிட்டு, நல்லாருக்குத்தா என்கிறார். எந்த அப்பா அப்படிச் சொல்வார்? அவள் உள்ளே நுழைந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துகிறார்கள், ஏன்? அப்பாவோடு ஒரே அறையில் மருந்து கலக்கிய மாரீஸ்வரன் சித்தப்பா ஆஸ்பத்திரியில் இறந்து ஒன்பது நாள், தெரிந்தால் அப்பா தன்னையே ஏதாவது செய்துகொள்வார் என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள்... காதில் விழுந்துவிட்டதா? அப்படியென்றால் அந்த மருந்து ஆர்டருக்கில்லையா? கடவுளே...

மாடிப்படியில் அம்மா கருப்பம்மாள் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். "மேல போகாத மீனா, அப்பா எக்சைசு பண்ணுறாக." எக்சைசுக்கு எதற்குக் காவல்? அம்மாவைத் தாண்டி ஏறினாள். மாடிக் கொட்டகையில் அப்பா, விரித்த காகிதத்தின் மேல் சல்லடை, கீழே வெள்ளை வெளேரென்று குவியல். அவள் கையிலிருந்த செல்போனைப் பார்த்ததும், "ஏய், செல்ல வெளிய வையி!" என்று அலறினார், அலறிய பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"என்னப்பா அது?"

"கோலமாவு."

விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், நெறுநெறுவென்று கோலமாவுதான். அங்கேயே உட்கார்ந்தாள். "இதுக்கா அருணாக்கொடியக் கழட்டுறீக?"

"சல்லடையத் தொடணும்னாலே கை தானா இடுப்புக்குப் போயிருது. சும்மா இருந்தா நடுங்குதுத்தா, சலிச்சா நின்னுருது. ஒங்கிட்டச் சொன்னா இதுக்கும் ஒரு வீடியோ போட்டுக் காட்டுவே."

எப்பருந்து நடுங்குது என்று கேட்டாள். அப்பா சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஏறி வந்த அம்மாதான் சொன்னாள், "மாரீஸ்வரன் தம்பி போன அன்னைலருந்து. அது மக எனக்குத்தான மொதல்ல போன் போட்டுச்சு."

அம்மாவின் பட்டன் போன்... அதை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையே. ஒன்பது நாளாகத் தெரிந்துகொண்டேவா, தினம் சாயங்காலம் மாரிக்கு எப்பிடியிருக்காம் என்று அப்பா கேட்டார்? அவளும் பதிலுக்குத் தினம் ஒரு கதை கட்டி, செத்த மனுசனுக்கு இட்லி ஊட்டி, ஆக்சிஜனை எடுத்து, உப்பில்லாத கஞ்சிக்காக நர்சோடு சண்டை போடவைத்து... அந்தச் சண்டைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாரே, யாருக்காகச் சிரித்தார்? மகள் பயந்துவிடக் கூடாதென்று, கசாயத்தைக் குடித்த மாதிரி அதையும் குடித்தாரா? கதவுக்குப் பின்னால் இரண்டு பேரும் குசுகுசுத்தது அவளைப் பற்றியா?

அப்பா சல்லடையை இறக்கி வைத்தார். தலை நிமிரவில்லை.

"அந்த நர்சு... கடேசில அவனுக்கு உப்புப் போட்டுக் குடுத்துச்சா, இல்லியா?"

இதை அவளைத் தேற்றக் கேட்கிறாரா, தான் தேறக் கேட்கிறாரா... அழகுமீனாவுக்கு விளங்கவில்லை. அம்மாவும் பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.