யார் பார்க்கலாம்

பஸ் போய்விட்டது. சோதனைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அது வளைவில் மறைவதைப் பன்னிரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கத்தவில்லை. வாரத்தில் மூன்று நாளாவது இப்படித்தான் போகிறது, கத்தி என்ன ஆகப்போகிறது? ஒரு கையில் அடையாள அட்டையும் பொலிஸில் பதிந்த துண்டும், மறு கையில் சோற்றுப் பார்சலுமாக வரிசை அடி அடியாக நகர்ந்தது. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த சிப்பாய் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டிக் கொப்பியில் எழுதினான். பேச்சியம்மா என்ற பெயருக்கே அவனுக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது.

வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த 2008ஆம் வருஷம். கல்லுமலைத் தோட்டத்திலிருந்து பல்லேபொல வீதி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் அவர்கள். அதே பஸ்ஸில் வரும் சிங்களப் பெண்கள் இருக்கையிலிருந்தே அட்டையைக் காட்டினால் போதும். தமிழ்ப் பெண்கள் இறங்க வேண்டும். கண்டக்டர் காத்திருக்க மாட்டான். அடுத்த பஸ் நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு.

வரிசையின் கடைசியில் நின்றவள் புஷ்பவதி. மற்றப் பதினொரு பேரும் மிஷினில் தைக்கிறவர்கள், அவள் மட்டும் கந்தோரில் கிளார்க். உயர்தரம் பாஸ் பண்ணியதற்குக் கிடைத்த மரியாதை இது. தைக்கிறவர்கள் வாசலில் கார்டு அடிக்க வேண்டும். ஏழரை தாண்டினால் நேரம் சிவப்பு மையில் விழும். கந்தோர்க்காரர்கள் ஒரு கொப்பியில் கையெழுத்துப் போட்டால் சரி. அந்தக் கொப்பியை யாரும் புரட்டிப் பார்த்ததில்லை.

"எனக்கு இன்னியோட ஏழு. எட்டுக்கு மேல போனா கொன்ட்ராக்ட் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க" என்றாள் மாரியாயி. மூன்றாம் லைனில் கொலர் தைப்பவள். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், புருஷன் கொழும்பில் இருந்து எப்போதாவது வருவான். "மாசம் முடிய இன்னும் ரெண்டு கெழம கெடக்கு. எங்க போயி நிக்கிறது, சொல்லு."

புஷ்பவதிக்கு அந்த எட்டு என்ற கணக்கு நன்றாகத் தெரியும். அதைக் கம்பியூட்டரில் ஏற்றியவளே அவள்தான்.

தலைமைக் கந்தோர் புதிதாக அனுப்பிய புரோகிராம் அது. ஒவ்வொருவருக்கும் இலக்கு உண்டு: மணிக்கு இத்தனை துண்டு, பழுது இவ்வளவு, அடிக்கடி பிந்துகிறவர்களுக்குத் தாமதமும் இவ்வளவு. ஒவ்வோர் இலக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், 'யார் பார்க்கலாம்?' என்று கேட்கும். தான் மட்டும், மேற்பார்வையாளர், லைன், எல்லோரும் என்று நான்கு பதில். தைக்கிறவர்களுக்குக் கம்பியூட்டர் ஏது? அவர்களுக்காகப் புஷ்பவதிதான் தெரிவு செய்ய வேண்டும். 'எல்லோரும்' என்று விழுந்தவை திங்கட்கிழமைதோறும் அச்சாகி, சாப்பாட்டு அறையில் தேத்தண்ணீர் வாளிக்கு மேலே ஒட்டப்படும்.

"தாமதத்தை மேற்பார்வையாளர் மட்டும் பாத்தாப் போதும். பொம்புளப் புள்ளயள், வெக்கப்படும்" என்று மேலதிகாரி றஹீம் சொல்லியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவளும் அப்படியே செய்தாள்.

செய்யும்போதுதான் அது கண்ணில் பட்டது. நானூறு பேரில் தாமத இலக்கு விழுந்தது பதினொரு பேருக்கு. பதினொன்றும் கல்லுமலை விலாசம். ஆனால் அவர்கள் ஆறு லைன்களில் சிதறிக் கிடந்தார்கள். எந்த மேற்பார்வையாளருக்கும் இரண்டு பேருக்கு மேல் தெரியாது. மூன்றாம் லைன் சுமனா மிஸ்ஸுக்கு மாரியாயி விடியத் தூக்கம் விடாத சோம்பேறி, அவ்வளவுதான். பதினொன்றையும் ஒரே பக்கத்தில் பார்த்த ஒரே ஆள் புஷ்பவதி. இரண்டு நாளாக அந்தப் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க" என்று அவள் வரிசையைப் பார்த்துச் சொன்னாள். "ஒங்க தாமதத்த எல்லாரும் பாக்குற மாதிரி தெறந்து விடட்டுமா? திங்கக்கெழம செவுத்துல வந்துரும்."

"நல்ல கதையா இருக்கே!" கமலாட்சி திரும்பினாள். இருபது வயது, வாயில் நெருப்பு. "இப்பவே லேட் கூட்டம்னு சிரிக்கிறாளுக. செவுத்துல வேற எழுதி ஒட்டணுமா, அக்கா?"

"தனித்தனியாப் பாத்தா சோம்பேறின்னுதான் நெனப்பாங்க. பதினொரு பேரும், ஒரே தோட்டம், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாப் பாத்தா?"

மாரியாயி யோசித்தாள். "என்னோடத தெற. மறச்சு வச்சு என்னத்தக் கண்டேன்."

கமலாட்சி விடவில்லை. "அந்தப் பேப்பர்ல ஒங்க பேரு இருக்கா அக்கா? நீங்களும் எங்களோடதான நிக்கிறீங்க. எங்களோடதான லேட்டா வர்றீங்க?"

புஷ்பவதிக்கு முகம் சுட்டது. இல்லை, அவள் பேர் இல்லை. இந்த மாதக் கடைசியோடு அவளுடைய ஆறு மாதத் தவணை முடிகிறது. நிரந்தரக் கடிதத்தில் றஹீம் கையெழுத்துப் போட வேண்டும். தாமதம் என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டால் அவர் போடுவாரா?

"அடுத்தவள் வா" என்று சிப்பாய் சிங்களத்தில் கூப்பிட்டான். வரிசை நகர்ந்தது.

அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. பன்னிரண்டு மணிக்குள் புஷ்பவதி பதினொரு துண்டுக் காகிதம் தயார் பண்ணினாள். 'என் இலக்கை யார் பார்க்கலாம்' என்று தமிழில் எழுதி, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. இலக்குக்கு உரியவரே தெரிவு செய்யலாம் என்று புரோகிராமோடு வந்த கைநூலில் இருந்தது. அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்துக்கொண்டாள். மாரியாயி முதலில் போட்டாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் போட்டார்கள். கமலாட்சி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

புஷ்பவதி இன்னொரு காகிதத்தை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். கையெழுத்துக் கொப்பியைப் புரட்டி எண்ணினாள். இந்த மாதம் ஏழு. 'எல்லோரும்' என்று எழுதிக் கீழே கையெழுத்திட்டாள்.

"குடுங்க அந்தப் பேனாவ" என்றாள் கமலாட்சி.

திங்கட்கிழமையும் பஸ் விட்டுவிட்டுத்தான் போனது. மாரியாயிக்கு எட்டு ஆயிற்று. பத்து மணித் தேத்தண்ணீருக்கு முன்னால் புஷ்பவதி பன்னிரண்டு பெயரும் விலாசமுமாக அச்சான தாளை ஒட்டிவிட்டு வந்து உட்கார, றஹீம் கூப்பிட்டுவிட்டார்.

"நான் சொன்னதென்ன, நீங்க செஞ்சதென்ன?"

அவள் பன்னிரண்டு காகிதங்களையும் மேசையில் வைத்தாள். "அவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுங்க சேர். யாரு பாக்கணும்னு அவங்கதான் சொல்லணும்னு புத்தகத்துல இருக்குங்க."

அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கடைசித் தாளில் விரல் நின்றது. "இதுல ஒங்கட பேரும் ஈக்குது."

"ஆமாங்க சேர்."

"ஒங்கட லெட்டர் என்ட கையில ஈக்குது. தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"தெரிஞ்சுதாங்க சேர். நானும் அந்த வரிசையிலதான் நிக்கிறேன்."

றஹீம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்னேரம் வரைக்கும் செவுத்துல ஈக்கட்டும்" என்றார்.

சாப்பாட்டு அறையில் சுமனா மிஸ் கோப்பையோடு தாளின் முன்னால் நின்றார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு தன் லைன் பெண் நிலந்தியைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "இதெல்லாம் ஒரே தோட்டமா?"

"எங்கள் பஸ்தான் மிஸ். அவர்களை மட்டும் இறக்கி வைப்பார்கள். பஸ் நிற்காது."

"இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லையே, மிஸ்" என்று நிலந்தி தலையைக் குனிந்தாள்.

சுமனா மிஸ் மறுபடியும் மாரியாயியின் பெயரைப் பார்த்தார். அவள் நேரத்துக்கு வராத காலைகளில் கொலர் வராமல் லைன் முழுக்க முதல் மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தன் இலக்கு ஏன் எட்டவில்லை என்று மேலே பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவர் அவர். "அந்த பஸ்ஸில் நம்முடைய பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அதே தடுப்பு. தமிழர்களை இறங்கச் சொன்னார்கள், பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். மாரியாயி சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். இன்று சிவப்பு விழுந்தால் ஒன்பது, மாதக் கடைசியில் ஒப்பந்தம் இல்லை.

கண்டக்டர் மணியை அடிக்கக் கை தூக்கியபோது நிலந்தி மிதிபலகையில் இறங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பெண்கள்.

"ஏறு தங்கச்சி, நேரமாகிறது!"

"அவர்கள் வந்ததும் ஏறுகிறேன், அண்ணா."

கண்டக்டர் ஏசினான். டிரைவரும் சேர்ந்து ஏசினான். பிறகு எஞ்சினை நிறுத்தாமல், ஸ்டியரிங்மேல் முழங்கையைப் போட்டுக்கொண்டான். ஏழு இருபத்தெட்டுக்கு மாரியாயியின் கார்டில் கறுப்பு மை விழுந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு அங்கேயே அழுதாள், கமலாட்சி அவளை இழுத்துக்கொண்டு லைனுக்கு ஓடினாள்.

மாதம் முடிந்தது. அந்தத் தாள் சுவரிலேயே இருந்தது. கழற்றச் சொல்ல றஹீம் மறந்துபோனாரா, வேண்டுமென்றே விட்டாரா, புஷ்பவதி கேட்கவில்லை. மாரியாயிக்கு ஒப்பந்தம் கிடைத்தது. புஷ்பவதியின் மேசையிலும் ஒரு கடிதம் இருந்தது, கீழே றஹீமின் கையெழுத்து ஈரமாக. பதினொரு பேருக்கும் அவளுக்கும் அடுத்த மூன்று மாத இலக்கைப் புரோகிராம் தானாகவே போட்டிருந்தது: தாமதம், பூஜ்யம். எதனால் தாமதம் என்று எழுதுவதற்கு மட்டும் அதில் இடமில்லை.

மறுநாள் தடுப்பில் மழை. அட்டைகள் நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வரிசை நின்றது. புஷ்பவதி திரும்பி பஸ்ஸைப் பார்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சிங்களப் பெண்கள் வரிசையில் நின்றவர்களின் சோற்றுப் பார்சல்களை வாங்கி, அவர்களுடைய பன்னிரண்டு இருக்கைகளிலும் ஒவ்வொன்றாக வைத்து இடம் பிடித்திருந்தார்கள், ஜன்னல் கண்ணாடிக்குள் பார்சல்கள் நனையாமல் உட்கார்ந்திருந்தன. அவளுக்கு முன்னால் இன்னும் ஏழு பேர் நின்றார்கள்.