ஓட்டுகிறவன் இறங்கினால்

மருமகன் சமையலறைக் கதவைத் தாழிட்டான். கிழவர் உடனே தாழை நீக்கினார்.

"எதுவா இருந்தாலும் திறந்து வெச்சுப் பேசு."

"மெதுவா, மாமா. வெளியில போலீஸ்காரர் நிக்கறார். நான் பலூன் கூடைக்குள்ளதான் இருந்தேன்னு சொல்லிடுங்க. மச்சான் விளையாட்டா வெளியில தொங்கினான், கை வழுக்கிடுச்சுன்னு."

கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடந்தவன் கிழவரின் ஒரே மகன். நேற்று மருமகன் ஓட்டிவந்த பலூன் இறங்கிய வயலில், அதை ஏற்றிப்போக ஜீப்போடு நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் அவர்தான்.

பலூனுக்கு ஈவிரக்கம் கிடையாது. உள்ளே அடைத்த சூட்டுக் காற்று லேசு, அதனால் மேலே தூக்கும். கூடையில் ஆள் கனம் இருக்கும்வரை தரையில் உட்கார்ந்திருக்கும். ஒருவர் இறங்கினால் எகிறிவிடும். அதனால்தான் ஒருவர் இறங்குமுன் இன்னொருவர் ஏற வேண்டும். ஓட்டுகிறவன் கடைசி ஆள்.

"எதுக்குடா இறங்கின?"

"பலூன் முழுசாத் தெரியற மாதிரி ஒரு போட்டோ... விளம்பரத்துக்கு. உடனே ஏறிடலாம்னு..."

"நல்லா வந்திருக்கா?"



கூடை கிளம்பியதும் தரையில் நின்ற மகன் பாய்ந்து விளிம்பைப் பிடித்தான். தன் கனத்தால் அமுக்கப் பார்த்தான். கால் தரையை விட்டபோதே கையை விட்டிருக்கலாம். விடவில்லை. "சிவப்புக் கயித்த இழுங்கடா!" என்று உள்ளே இருந்த இரண்டு பள்ளிப் பிள்ளைகளிடம் கத்திக்கொண்டே போனான். அதை இழுத்தால் உச்சித் துணி திறந்து சூடு வெளியேறும். இழுத்தார்கள். பலூன் இறங்கியது, பிள்ளைகள் பிழைத்தார்கள். அவன் கைகள் அதுவரை தாங்கவில்லை.

"லைசன்ஸ் போச்சுன்னா உங்க பொண்ணுதான் மாமா நடுத்தெருவுல நிப்பா."

"செத்தவன் தலையில பழியப் போட்டுட்டு என் பொண்ணக் காட்டி மிரட்டறியா? பாவி!"

மகள் கதவருகே நின்றிருந்தாள். கூடையின் கனமெல்லாம் நாடாக்களில் இறங்கும்படி இரட்டைத் தையல் போட்டு அந்தப் பலூனைத் தைத்தவள் அவள்தான்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேம்ப்பா."

சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கிழவர் வெளியே போனார். "இவன் கீழ நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தான். என் மகன் விளையாடல," என்று போலீஸ்காரரிடம் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தது. மூன்று மூலைகளுக்கு ஆள் இருந்தது. நான்காவதைப் பிடிக்க மருமகன் குனிந்தான்.

"தள்ளுங்க," என்று மகள் அவனை விலக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். அவள் குட்டை. பெட்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. முன்மூலையில் இருந்த கிழவர் முழங்காலை மடக்கித் தன் பக்கத்தையும் தாழ்த்திக்கொண்டார்.